ஜோசபின் அக்காவின் காது

ஜோசபின் அக்கா போய்விட்டார் என்று அவர் தம்பி கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னபோது, நான் நெல்லித்தோப்பில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீனை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன். நான் போய்ச் சேர்வதற்குள் நம் ஞாயிறு இசைக் குழுவின் வாட்ஸப்பில் தனபால் எழுதிவிட்டார்: "நுட்பமான காதுகளுக்கு என் அஞ்சலி." எனக்கு அழுகை நின்று ஆத்திரம் பொங்கியது. அந்தக் காது செவிடாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னவரே அவர்தானே!

அக்காவும் நானும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் பிரெஞ்சு, நான் கணக்கு. கடற்கரைப் பக்கம் தனபாலின் பழைய வீட்டுக்கு நாங்கள் முதன்முதலில் பாட்டுக் கேட்கப் போன நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உயர்ந்த கூரை, வெறும் சுவர். அக்கா உள்ளே நுழைந்ததும் ஒருமுறை கைதட்டினார். "எப்படி எதிரொலிக்குது பாருங்க. கனமா திரைச்சீல போடுங்க, ஸ்பீக்கர செவுத்த விட்டு முன்னாடி இழுங்க. ஆப்ல சவுண்ட் குவாலிட்டி கம்மியா வெச்சிருக்கீங்க, அத ஏத்துங்க" என்றார். ஒலிக்கருவிகள் விற்கும் தனபாலுக்கு முகம் கறுத்துவிட்டது. திரைச்சீலை அவர் கடையில் கிடைக்காதே.

பிறகு தனபால் ஒரு விலையுயர்ந்த ஒயரைக் கொண்டுவந்தார். ரூட்டரிலிருந்து, பாட்டை இணையத்தில் எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஸ்ட்ரீமர் பெட்டிக்கு இணையத்தைக் கொண்டுபோகும் ஒயர். அதை மாட்டியதும் வயலினுக்கு உயிர் வந்துவிட்டதாக எல்லோரும் தலையாட்டினீர்கள். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல" என்றார் அக்கா. தனபால் சிரித்தார். "மேடத்துக்கு வயசாயிடுச்சு. காது போயிடுச்சு, பாவம்." நீங்களும் சிரித்தீர்கள். அடுத்த வாரம் பள்ளி வராந்தாவில் சிலர் அவரிடம் கத்திக் கத்திப் பேசினார்கள்.

காது பரிசோதனை செய்து காட்டலாமே என்றேன். "நான் இன்னா திருடியா, சாட்சி காட்ட? ஒரு நாள் அவன் வூட்லயே வெச்சி காட்றேன்" என்றார். அதற்குள் படுத்துவிட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிறன்று தனபால் வீட்டில் அஞ்சலிக் கூட்டம். நாற்காலி போட உதவும் சாக்கில் முன்கூட்டியே போனேன். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, அவருடைய ஒயரைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு சாதா ஒயரைச் செருகினேன். கூட்டத்தில் அக்காவுக்குப் பிடித்த வயலின் ஒலித்தது. "இந்த ஒயர்லதான் இவ்ளோ துல்லியம் வரும்" என்று தனபால் கண்ணைத் துடைத்தார். நீங்களும் துடைத்தீர்கள்.

கைப்பையைத் திறந்து ஒயரை அவர் மடியில் வைத்தேன்.

"எப்ப கழட்டனீங்க?" என்றார்.

"நீங்க அழறதுக்கு முன்னாடியே. அக்காவுக்கு காது நல்லாத்தான் கேட்டுச்சின்னு சொல்லுங்க."

முனகலாகச் சொன்னார்.

"சத்தமா சொல்லுங்க சார். பின்னாடி இருக்கறவங்களுக்கு கேக்கல."

சொன்னார்.

அஞ்சலிக் கூட்டத்தில் இப்படிச் செய்யலாமா என்று உங்களில் சிலர் என்னைக் கேட்டீர்கள். மன்னித்திருக்கலாமே என்றும் சொன்னீர்கள். அக்கா இருந்திருந்தால், "மன்னிக்கறதெல்லாம் பாதர் பாத்துப்பாரு" என்றிருப்பார். அக்காவின் ஸ்பீக்கர்களைத் தம்பி எடுத்துக்கொண்டார். புத்தகங்கள் பள்ளிக்குப் போயின. லேசில் மன்னிக்காத அந்தக் குணத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.