சாலை மேல் வெள்ளைக் கல்

பாமுக்கலே மலையில் மூஸெயெனும் நானும் ஒரே வாய்க்காலில் வேலை பார்த்தோம். மடைப்பலகையைத் தூக்கி, மலைச்சரிவில் படிபடியாக இறங்கும் வெள்ளைத் தட்டுகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் விட வேண்டும். பூமிக்குள்ளிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெதுவெதுப்பாக வரும் தண்ணீர் அது. காற்று பட்டதும் அதிலிருக்கும் வாயு பிரிந்து போகும். சுண்ணாம்பு வெள்ளைக் கூழாகப் படியும். பிறகு தண்ணீரை நிறுத்திக் காயவிட்டால் கூழ் இறுகிக் கல்லாகிவிடும். விட்டுக்கொண்டே இருந்தால் பாசி பிடிக்கும்.

அதற்கு முன் அவள் மேலே ஒரு ஹோட்டலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரே மகன் துன்ஜாய், அந்த ஹோட்டலுக்கு மோட்டார் சைக்கிளில் ரொட்டி கொண்டுவந்தவன், மலைச்சாலை வளைவில் சறுக்கிப் பாறையில் மோதி இறந்தான். பாறையில் கைநீளத்துக்கு ஒரு வெட்டு விழுந்தது. அதன் பிறகு மூஸெயென் அழுது யாரும் பார்க்கவில்லை. வேலைக்கு வந்தாள், போனாள்.

ஹோட்டலை இடித்தார்கள். அவன் விழுந்த வளைவோடு சேர்த்து அந்தச் சாலையையும் மூடி, அதன் மேல் தாழ்வான கரை கட்டித் தொட்டிகளாக்கினார்கள். அந்தத் தொட்டிகளுக்கு மூஸெயெனைப் போட்டார் மேற்பார்வையாளர் ரிஃப்கி. அவருக்கு விஷயம் தெரியாது.

"நான் போய்ச் சொல்றேன் அக்கா, வேற இடம் குடுப்பாரு" என்றேன்.

"எங்கயாவது நிக்கணும்ல. அங்க நின்னா என்ன?"

முதல் நாள் அவளே பலகையைத் தூக்கினாள். தண்ணீர் வளைவைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வேகமா வருது" என்றாள். அவ்வளவுதான். இரண்டு கோடையில் பாறையிலிருந்த அந்த வெட்டு வெள்ளைப் படிவுக்குள் தெரியாமல் போனது.

மூன்றாம் வருடம் துன்ஜாய் இறந்த நாளில், தெனிஸ்லி நகரத்திலிருந்து மூஸெயெனின் நாத்தனார் ஷுக்ரான் பூவோடு வந்தாள். பாறை ஓரமாக நடந்து தேடினாள்.

"அண்ணி, எங்க அந்த வெட்டு?"

"இருக்கு. உள்ள இருக்கு."

"நீயேவா மூடுன? பெத்தவ கையாலயே?"

"தண்ணிதான் திறந்து விட்டேன். அது என் வேலை."

"மனுஷியா நீ? உனக்கும் இந்தக் கல்லுக்கும் என்னடி வித்தியாசம்?" ஷுக்ரான் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு செருப்புக் காலோடு தொட்டிக்குள் இறங்கினாள். இறுகாத வெள்ளைக் கூழ் அவள் காலடியில் நசுங்கியது. பாறையை ஓங்கி அடித்தாள். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது.

மூஸெயென் விசிலை எடுத்து ஊதினாள். செருப்போடு தட்டில் இறங்கும் சுற்றுலாக்காரர்களிடம் ஊதுகிற அதே ஊதல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"செருப்பைக் கழட்டு ஷுக்ரான்."

ஷுக்ரான் அவளையே வெறித்துப் பார்த்தாள். பிறகு கரையில் பொத்தென்று உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். மூஸெயென் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் முதுகில் கை வைத்தாள். நான் பார்த்தவரை அந்தக் கை அசையவே இல்லை.

சாயங்காலம் நாத்தனாரை மினிபஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"என்னக்கா சொன்னா?"

"அடுத்த வருஷமும் வரேன்னா."

"நீ என்ன சொன்ன?"

"வா-ன்னேன்."

நசுங்கிய இடத்தைக் குனிந்து பார்த்தாள். மறுபடி படிய வேண்டும் என்று சொல்லி, பலகையைத் தூக்கி அந்தத் தொட்டிக்குத் தண்ணீரைத் திருப்பினாள்.