அத்தையின் மேக்கில் சிக்கிய சி.டி.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருந்த டைப்பிங் சென்டரில் ஆறு வருடமாக விண்டோஸ் கணினியோடு குடித்தனம் நடத்தியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. பட்டா மாற்றமோ முதியோர் பென்ஷனோ, எதிரில் நிற்பவர் அழுது முடிப்பதற்குள் மனுவை அடித்து முடித்துவிடுவாள். கணினியைக் கண்டுபிடித்ததே எங்கள் அத்தைதான் என்று நான்காம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் நான் சத்தியமே செய்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் வெள்ளை லேப்டாப் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குத் திரும்பும்போது மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனதாம். மேக் என்றாள். மூலையில் ஒரு கீறல். கீபோர்டின் மேல் வரிசையில் ஓரமாக ஒரு கீ பெயர்ந்து, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஆனால் உயிர் வந்தபோது அது எழுப்பிய அந்த ஒற்றை ஓசையைக் கேட்டதும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

முதல் நாள் அத்தை திணறித்தான் போனாள். கீழே ‘ஸ்டார்ட்’ இல்லை. வலப்பக்கம் இருக்க வேண்டிய மூடும் பட்டன் இடப்பக்கம் இருந்தது. மூடினாலும் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது.

“என்னடி இது, புது மாமியார் வூட்டுச் சமையக்கட்டு மாதிரி! எதைத் தேடினாலும் வேற எடத்துல வெச்சிருக்காங்க” என்றாள்.

நான்கே நாள். ஐந்தாம் நாள் அடி அண்ணாமலையில் இருந்த ஒரு டீக்கடைக்கு அதில் போர்டு வரைந்துகொண்டிருந்தாள். விரல் பட்ட இடத்தில் எழுத்துகள் நிழலோடு எழுந்து நின்றன. “சொந்தமா டிசைன் கடை போடப் போறேன். நீதான் கல்லாவுல உக்காரணும்” என்றாள். அன்றிலிருந்து நான் வீட்டுப்பாடத்தைக்கூட முதலாளி தோரணையில்தான் எழுதினேன்.

அந்த வாரமே ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்டார்கள். ஸ்டுடியோக்காரர் படங்களை ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்துவிட்டு, வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்காகக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். வேறு பிரதி கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு அத்தை வேலைக்கே போக வேண்டியதில்லை என்று தரகர் சொன்னதை அப்பா பெரிய அதிர்ஷ்டம்போல எல்லோரிடமும் சொன்னார்.

“பாத்துட்டுத் தரேன்ணா” என்று அத்தை சி.டி.யை மேக்கின் பக்கவாட்டிலிருந்த பிளவில் வைத்தாள். அது விழுங்கிக்கொண்டது.

“வரமாட்டுதுண்ணா. விண்டோஸ்னா வெளியிலேயே ஒரு பட்டன் இருக்கும். இதுல எங்க இருக்குதுன்னே தெரியல.”

அப்பா லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். தரகர் இரண்டு முறை வந்து காபி குடித்துவிட்டுப் போனார். “நாளைக்குள்ள தரலன்னா அவங்க வேற எடம் பாத்துடுவாங்க சார்” என்று இரண்டாம் முறை சொல்லிவிட்டார். அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அத்தையின் கல்யாணத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. அத்தை வேலைக்குப் போன பிறகு மேக்கைத் திறந்தேன். திரையில் வட்டமாகச் சி.டி.யின் படம் தெரிந்தது. பட்டனை அழுத்திக்கொண்டே விரலால் தடவினால் அது கூடவே வந்தது. இழுத்து விளையாடியதில் கீழ் மூலையிலிருந்த குப்பைத்தொட்டி வரைக்கும் போய்விட்டது. குப்பைத்தொட்டியில் போட்டால் அழிந்துவிடும் என்று அத்தைதான் விண்டோஸில் சொல்லிக்கொடுத்திருந்தாள். பதறி விரலை எடுத்தேன். படம் தொட்டிக்குள் போய் மறைந்தது.

அத்தையின் கல்யாணத்தையே குப்பையில் போட்டுவிட்டேன் என்று உடம்பெல்லாம் வேர்த்தது. அப்போது உள்ளே ஏதோ உறுமியது. பக்கவாட்டுப் பிளவிலிருந்து சி.டி. பளபளவென்று நாக்கை நீட்டியது. குப்பையில் போட்டதைத் திரும்பக் கையில் கொடுக்கும் இயந்திரம்! சி.டி.யை உருவிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். சட்டையை மாட்டிக்கொண்டே தரகர் வீட்டுக்கு ஓடினார். படத்தைப் பார்த்தார்கள், பிடித்துப்போனது, தையில் கல்யாணமும் நடந்தது.

சி.டி. கிடைத்த அன்று சாயங்காலம் அத்தை வேலையிலிருந்து வந்ததும் வாசலுக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். ஒரு காலில் செருப்போடு நின்றுவிட்டாள்.

“அப்பா கையில குடுத்துட்டியா?”

“அவரு அப்பவே தரகர்கிட்ட எடுத்துனு போய்ட்டாரு அத்தை!”

மறு செருப்பையும் கழற்றினாள். பிறகு மேக்கின் முன்னால் வந்து உட்கார்ந்து, என்னுடைய பாட்டு சி.டி.யை உள்ளே விட்டாள். “எப்படி எடுத்த, காமி” என்றாள். இழுத்துக் குப்பையில் போட்டேன். வெளியே வந்தது.

“கெட்டிக்காரிடி நீ” என்று என் கன்னத்தைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

பிறகு அதே சி.டி.யை மறுபடி உள்ளே விட்டாள். இந்தத் தடவை குப்பைத்தொட்டிப் பக்கமே போகவில்லை. இரண்டு கீயைச் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினாள். சி.டி. வெளியே வந்தது.

நான் வாயைப் பிளந்தேன். அந்த இரண்டு கீயை நான் காட்டவில்லை, எனக்கே அது தெரியாது. ஒரே தடவை பார்த்துவிட்டு என்னுடையதைவிடச் சுலபமான வழியைக் கண்டுபிடித்துவிட்டாளே என்று மலைத்துப்போனேன். நான் மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே காட்டியிருந்தால் பாவம், அத்தை இத்தனை நாள் கஷ்டப்பட்டிருக்க வேண்டாமே என்றும் நினைத்துக்கொண்டேன்.