கண்ணாடியில் ஒட்டிய குறிப்புகள்

எங்கள் பகுதிப் பொது நூலகத்தில் குடும்பங்களுக்கான லேசர் ஒளிக்காட்சி நடந்த சனிக்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பூந்தமல்லிக்கும் குமணன்சாவடிக்கும் இடையிலுள்ள அந்தக் கட்டடத்தில் நாள்தோறும் படிக்கிறவன் நான். அன்று நூலடுக்குகளைச் சுவரோரம் தள்ளி, அவற்றின் தலையில் ஒலிபெருக்கிகளை ஏற்றியிருந்தார்கள். புகை கக்கும் பெட்டியொன்று அகராதிகளுக்கு நடுவே அமர்ந்து, தித்திப்பான எண்ணெய் நாற்றத்தைப் பரப்பிக்கொண்டிருந்தது.

பகற்காட்சியாதலால் சன்னல்களை மறைக்க வேண்டியிருந்தது. ஊழியர் ஒருவர் மைதா பசை வாளியுடன் வந்தார். பழைய நாளிதழ்கள் போதவில்லை. வாசிப்பு மேசையில் கிடந்த தாள்கட்டு ஒன்றை எடுத்தார். ஒருபுறம் ஏதோ அலுவலக அச்சு. மறுபுறம் நெருக்கமான கையெழுத்து.

“சார், ஸ்டூலைக் கொஞ்சம் புடிங்க” என்றார். பிடித்தேன். அவர் கையெழுத்தின்மேல் பசை தடவுவதையும் பார்த்தேன். அரசுத் தேர்வுக்குப் படிப்போர் உணவுக்குப் போகையில் இடம்பிடித்து வைக்கக் குறிப்புகளை மேசையில் விட்டுச்செல்வது எங்கள் நூலக வழக்கம். அது தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. விரைவில் முடிந்தால் போதும் என்றிருந்தது.

தாள்களுக்கு உரியவள் திருவேற்காட்டிலிருந்து வரும் ஓர் இளம்பெண். மறுநாள் காலை அவளுக்குத் தேர்வு. அவள் திரும்பியபோது காட்சி தொடங்கி, கூரையில் பச்சை மயில் ஒன்று தோகை விரித்துக்கொண்டிருந்தது.

“அண்ணா, இங்க வெச்சிருந்த என் நோட்ஸ் எங்க?”

“ஒரு பக்கம் பிரிண்ட் அட்ச்சி இருந்திச்சேம்மா. வேஸ்ட்டுன்னு ஜன்னல்ல ஒட்டிட்டேன்” என்றார் ஊழியர்.

அவள் ஓடிப்போய் ஒரு தாளை இழுத்தாள். அது பாதியோடு கிழிந்தது, வெயில் உள்ளே பாய்ந்தது, மயில் மறைந்தது.

“இன்னாம்மா நீ! கொயந்தைங்க பாத்துகினு கீதுல்ல?” என்று ஒரு தந்தை சீறினார்.

“மாமே, சூரியனே ஷோ பாக்க வந்துட்டாருடா!” என்றது பின்வரிசைக் குரல். அரங்கமே சிரித்தது. அவள் ஏன் அழுகிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் புகையைவிட நாறியது.

அவள் வெளியேறினாள், நானும் பின்தொடர்ந்தேன். எழுத்துப் பக்கம் கண்ணாடியை நோக்கியிருந்ததால், பசை மூடாத வரிகளை வெளியிலிருந்து படிக்க முடிந்தது. கைப்பேசியில் படமெடுத்தால் கண்ணாடியில் பட்டுத் தெறித்த வெயில் மட்டுமே விழுந்தது. எனவே, தலைகீழாய் ஒட்டிய தாள்களுக்குக் கழுத்தை வளைத்து, ஒவ்வொரு வரியாகப் படியெடுத்துக்கொண்டிருந்தாள்.

“சார், மேல் வரிசை எனக்கு எட்டல. உங்க உயரத்துக்குத் தெரியுதா?”

ஒட்டும்போது ஸ்டூலைப் பிடித்தவன் நான்தான் என்பதை மறைத்து வாசித்துச் சொன்னேன். உள்ளிருந்து வந்த ஒலிபெருக்கியின் இரைச்சலை மீற, ஊராட்சித் தலைவரின் கடமைகளைத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

பக்கக் கதவு திறந்தது. புகையோடு நூலகர் எட்டிப்பார்த்தார்.

“சார், சத்தம் போடாதீங்க. லைப்ரரி இது.”

“அடுத்த வரி, சார்” என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணெடுக்காமல்.

நான் இன்னும் உரக்கப் படித்தேன்.