முட்டியை மடக்கி மாதாவைத் தூக்கிய எங்கள் அக்கா

அன்புள்ள உறவினர்களே, நண்பர்களே,

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு உருக்கமாக ஏதாவது எழுதித் தரும்படி மாமா கேட்டார். உட்கார்ந்து பார்த்தேன், உருக்கம் வரவில்லை. அக்காவை நினைத்தாலே எனக்கு உற்சாகம்தான் பொங்குகிறது. தம் முதுகை அவர் நிமிர்த்திய கதையை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அது வேறு யாரையோ பற்றியதாக இருக்கும். ஆகவே மாமா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை. பிறந்தது உழவர்கரையில். அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டதால், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். நகரத்தில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகும் அதே கம்பெனி, அதே வேலை. தாழ்வான மேசைமேல் குனிந்து பசை தடவ வேண்டும். ஒட்டிய பெட்டிகளைக் கட்டுக்கட்டாகத் தரையிலிருந்து தூக்கி அடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கேனைத் தூக்கக் குனிவார், துணி துவைக்கக் குனிவார், எங்கள் எல்லோருக்கும் பரிமாறக் குனிவார். முதுகு என்று ஒன்று இருப்பது அவருக்கு நினைவு வந்ததே அது வலித்த பிறகுதான்.

தம்மைப் பற்றி அக்கா பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று. எங்கள் கோயில் திருவிழாவில் மாதா சப்பரத்தைப் பெண்கள்தான் தோளில் சுமப்பார்கள். உயரம் பார்த்து ஆள் நிறுத்துவது வழக்கம், இல்லாவிட்டால் சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அக்கா நல்ல உயரம். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே முன்பக்கம் வலது மூலை அவருடையது. பவனி நாளில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், அட்டைப்பெட்டி ஒட்டுகிற பெண்மணி இவர்தானா என்று கேட்பார்கள்.

முதுகு பிடித்துக்கொண்ட வருஷம், வலி போனால் வழக்கம்போலத் தூக்குகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டார். மாத்திரையும் ஓய்வும் சேர்ந்து, திருவிழாவுக்கு முன்பே வலி அடங்கியது. அது போய்விடவில்லை, அடங்கித்தான் இருந்தது. ஆனால் நேர்ந்துகொண்டதைத் தள்ளிப்போட எங்கள் வீட்டில் யாருக்குத் தைரியம் உண்டு? பவனியன்று, தாழ்வான முக்காலிகளின்மேல் இருந்த சப்பரத்தை இடுப்பை வளைத்துத் தூக்கினார். பாதி எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. பின்னால் நின்ற பிலோமினா அக்கா பாய்ந்து தோள் கொடுத்ததால் மாதா கீழே விழாமல் தப்பினார். எங்கள் அக்காவை நாற்காலியோடு தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள். கட்டாந்தரையில் படு, அசையாதே. அக்காவும் வாரக்கணக்கில் படுத்தார். வலி குறையவில்லை, கால் மரத்துப்போகத் தொடங்கியதுதான் மிச்சம். அந்த நேரத்தில்தான், வலது மூலைக்கு வேறு உயரமான பெண்ணைத் தேடுகிறார்கள் என்ற செய்தி வந்தது. அன்றைக்கு அக்கா அழுததை நான் பார்த்தேன்.

"வேலைக்குப் போவலன்னாக்கூட பரவால்லடா. அந்த மூலைய யாருக்கும் குடுக்க வேணான்னு சொல்லுடா" என்றார்.

மறுநாளே பிசியோதெரபி டாக்டரம்மா ஒருவரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரே படங்களையெல்லாம் பார்த்த டாக்டரம்மா, எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. ஓரத்தில் இருந்த காலி வாளியைக் காட்டி, "இத எப்படித் தூக்குவீங்க, தூக்கிக் காட்டுங்க" என்றார். அக்கா குனியத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும்மா. ஆபரேஷன் பண்ற அளவுக்கு ஒண்ணுமில்ல. நீங்க நாள்பூரா குனியறதுதான் வலியா வருது. படுத்தே கெடந்தா முதுகு இன்னும் பலம் இழந்துடும். கொஞ்சங் கொஞ்சமா நடங்க. எதத் தூக்கினாலும் முட்டிய மடக்கி ஒக்காந்து, பாரத்த ஒடம்போட அணைச்சுக்கிட்டு எழுந்திரிங்க."

"அப்பிடிப் பண்ணா சப்பரம் தூக்கலாமா டாக்டர்?"

"மொதல்ல வாளியத் தூக்குங்க" என்றார் அவர்.

அன்று பிடித்த வேகத்தை அக்கா சாகும்வரை விடவில்லை. கடற்கரைச் சாலையில் காலை நடை தொடங்கியது. முதலில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர், பிறகு மாமாவை இழுத்துக்கொண்டு போனார். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டார். அந்தத் தலையணை தம்முடையது என்று மாமா இன்றும் சொல்வார். சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் சோறு வேகும் நேரத்தில் செய்தார். டிவி தொடரில் விளம்பரம் வந்தால் எழுந்து ஒரு நடை நடப்பார், நம்மையும் எழுப்புவார். வேலைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் கேட்டு மேசையின் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கச் செய்தார். குட்டையான பெண்களுக்கு வேறு உயரத்தில் இன்னொரு மேசை ஏற்பாடானது. சப்பரத்துக்கு உயரம் பார்க்கிறோமே, மேசைக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்டாராம்.

அக்காவிடம் மாட்டாதவர் நம்மில் யார்? பிள்ளைச்சாவடியில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் சாம்பார் வாளியைக் குனிந்து தூக்கப் போக, "அண்ணே, வெச்சிடுங்க. ஒக்காந்து தூக்குங்க" என்று பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னார். அவர் உண்மையிலேயே உட்கார்ந்து தூக்கினார். செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் மோவாயை ஒரு விரலால் நிமிர்த்திவிட்டுப் போவார். அந்த விரலுக்குப் பயந்து நானே எத்தனையோ முறை நேராக உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த வருஷத் திருவிழா நெருங்கியது. அக்கா தயார். டாக்டரம்மாவும் பார்த்துவிட்டுத் தலையசைத்துவிட்டார். மாமாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"போன தடவ நீ நின்ன நெலயப் பாத்தவன் நான். மறுபடி பிடிச்சுக்கிட்டா சப்பரமும் விழும், நீயும் விழுவ" என்றார்.

"நான் மட்டும் முட்டிய மடக்கினாப் பத்தாதுங்க. எல்லாரும் ஒண்ணா மடக்கணும். அதுக்குத்தான் பழகப் போறோம்" என்றார் அக்கா.

சொன்னபடியே சுமக்கும் பெண்கள் அத்தனை பேரையும் திரட்டி, கோயில் வளாகத்தில் நீளப் பெஞ்சு ஒன்றை வைத்துத் தினமும் பழக்கினார். பங்குச் சாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நாள், எடை பற்றாது என்று பெஞ்சின்மேல் அரிசி மூட்டை போட ஆள் அனுப்பியதும் அவர்தான்.

பவனி நாள் வந்தது. மேளம் நின்றது. கூட்டம் அக்காவையே பார்த்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா குரல் கொடுத்தார்: "முட்டிய மடக்கு, முதுக மடக்காத. எழுந்திரு." பெண்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக எழுந்தார்கள். பூவில் ஒரு இதழ்கூட உதிராமல் மாதா மேலே போனார். தெருத் தெருவாக முக்காலியில் இறக்கி, மறுபடி தூக்கி, கோயிலுக்குத் திரும்பும்வரை வலது மூலை ஒரு விரல்கடைகூடத் தாழவில்லை. அன்று முதல் கடைசித் திருவிழாவரை அந்த மூலையை அக்கா விட்டுக்கொடுக்கவே இல்லை.

போன வருஷம் திடீரென்று நெஞ்சு வலிக்கிறது என்றார். மருத்துவமனை வாசலை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கும் முதுகுக்கும் சம்பந்தமில்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்னபோது, "அதக் கேட்டிருந்தா அவ சந்தோஷப்பட்டிருப்பா" என்றார் மாமா. அழுகைக்கு நடுவே எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

இறுதி ஊர்வலத்தன்று அக்காவின் பெட்டி வாசலில் தாழ்ந்த பெஞ்சின்மேல் இருந்தது. நானும் மாமாவும் மருமகன்களும் அழுதுகொண்டே அப்படியே குனிந்தோம். "நில்லுங்கப்பா" என்றார் பிலோமினா அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னார்: "முட்டிய மடக்குங்க. முதுக மடக்காதீங்க." நாங்கள் உட்கார்ந்தோம். அக்காவை உடம்போடு அணைத்துக்கொண்டு ஒன்றாக எழுந்தோம்.

அன்று எங்களோடு தோள் கொடுத்தவர்களுக்கும், பூசை வைத்துத் தந்த சாமியாருக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்த கம்பெனிப் பெண்களுக்கும், வாளியில் தொடங்கிவைத்த டாக்டரம்மாவுக்கும், மாமாவுக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அக்காவைக் கல்லறைவரை சுமந்தோம். மறுநாள் எங்களில் ஒருவருக்கும் முதுகு வலிக்கவில்லை. அதற்கான நன்றி அக்காவுக்கு.