முப்பது என்றால், முப்பது என்ன?

போன செவ்வாய்க்கிழமை நிலாவெளி மீனவர் ஹனீபா காக்காவின் வலைகளை நான் கல்லின் மேல் விரித்துவிட்டேன். கடலில் இல்லை, பிள்ளைகளே… கொம்பியூட்டரில்.

கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கிறதா என்று ஒரு கப்பல் தேடுகிறது. அதன் திருகோணமலைத் துறைமுக அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. படித்தது பத்தாம் வகுப்பு. கரையோர ஊர்களுக்கு போன் எடுத்து, யார் எங்கே, எவ்வளவு ஆழத்தில் வலை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு, வரைபடத்தில் புள்ளி வைப்பேன்.

அந்த வரைபடத்தை ஜி.ஐ.எஸ். என்பார்கள். கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல இருக்கும். கடலடிப் பாறைகள், எங்கள் நிலவியலாளர் சுமதி மிஸ்ஸின் தாள். கப்பல் போகும் பாதை கப்டனின் தாள். வலைகள் என் தாள். ஒருவர் வைப்பது எல்லோருக்கும் தெரியும்.

பின்னேரம் சுமதி மிஸ் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணை, ஆராவது கல்லுக்கு மேல வலை போடுவினமா?"

போடமாட்டார்கள். கிழிந்துவிடும். ஆனால் என் புள்ளி பாறை மேலேதான் நின்றது. நிலாவெளிக்கு போன் எடுத்து, எவ்வளவு ஆழத்தில் போட்டீர்கள் என்று காக்காவிடம் மறுபடி கேட்டேன்.

"முப்பது பாகம் எண்டுதானே சொன்னனான்."

"நான் முப்பது மீற்றர் எண்டு போட்டிட்டன், காக்கா."

"மீற்றர் சீலை வாங்கத்தான், தம்பி."

பாகம் என்றால் இரண்டு கைகளையும் விரித்த நீளம் — ஏறக்குறைய ஆறடி. முப்பது பாகம் ஐம்பது மீற்றரையும் தாண்டும். புள்ளியை ஆழத்துக்குத் தள்ளினேன். அது நேரே கப்டனின் பாதையில் போய் உட்கார்ந்தது. மறுநாள் காலை கப்பல் நீண்ட கேபிள்களை இழுத்துக்கொண்டு அந்த வழியேதான் வர இருந்தது. காக்காவுக்கு இருப்பதே அந்த வலைகள்தான்.

கப்டனும் அதே வரைபடத்தைத்தானே பார்க்கிறார்? கொஞ்ச நேரத்தில் அவருடைய கோடு நகர்ந்தது. மறுநாள் வேறு பாதை. காக்கா வலைகளைப் படகில் ஏற்றிய பிறகுதான் இந்தப் பாதை. ஒரு கண்ணிகூட அறவில்லை.

பிழை விட்டவன் நான். கண்டுபிடித்தது, வலையைத் தொட்டே பார்க்காத மிஸ். என் தாளை நான் மட்டும் பார்த்திருந்தால்…? வகுப்பில் கொப்பியைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறவர்களே, உங்களைத்தான்.

இப்போதெல்லாம் நான் போன் எடுத்தால் காக்கா ஹலோ சொல்வதில்லை. "பாகமோ, மீற்றரோ?" என்றுதான் தொடங்குகிறார்.