கரடிக்குளத்து மன்னன்

நான் புதுக்குடியிருப்பில் ஒரு டியூட்டரியில் படிப்பிக்கிறேன். ஓய்வு நேரத்தில் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்குக் கட்டுரைகள் எழுதுவேன். வவுனியாவில் புடவைக்கடை வைத்திருக்கும் நிஸ்தார் அவற்றைச் சரிபார்ப்பார். தொலைபேசியில்தான் பழக்கம்.

எங்கள் ஊர்க் கரடிக்குளத்தைப் பற்றி எழுதியபோது, பெயர் வந்த காரணம் தெரியவில்லை. முன்னொரு மன்னன் அங்கே கரடி வேட்டையாடினான் என்று நானாகவே ஒரு வரி சேர்த்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து நிஸ்தார் அழைத்தார்.

“டீச்சர், இந்த மன்னனுக்கு ஆதாரம் இல்லையே. எடுத்துவிடட்டோ?”

“பொறுங்கோ, தேடிப் பாக்கிறன்.”

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் புதிதாக வெளியிட்ட ஆண்டு மலரில் அதே மன்னன் இருந்தான். என் ஊகம் சரியாகிவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன்.

“நல்லது. எழுதினவர் எங்க இருந்து எடுத்தவராம்?” என்றார் நிஸ்தார்.

மலரை எழுதிய யோகராசா அண்ணையைத் தேடிச் சைக்கிளில் போனேன். அவர் குளக்கட்டில் பெரிய பெயர்ப்பலகை ஒன்றுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். மன்னனையும் கரடியையும் அதில் வரையப் போகிறாராம்.

“இன்டர்நெட்டில எடுத்தனான், பிள்ளை. ஆரோ நல்லாப் படிச்ச மனிசன் எழுதியிருக்கு.”

“அண்ணை, அது நான்தான்.”

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். “அப்ப மன்னன் ஆர்?”

“அவர் என்ர மண்டைக்குள்ள இருந்து வந்தவர்.”

பலகையில் இப்போது குளத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது. கட்டுரையில் இருந்த அந்த வரியை நானே அழித்தேன். தெரியாததைத் தெரியவில்லை என்றே இப்போதெல்லாம் எழுதுகிறேன். ஆனாலும் நான் எதைச் சொன்னாலும் யோகராசா அண்ணை முதலில் கேட்பது இதுதான்: “இது உண்மையோ பிள்ளை, இல்லாட்டி நீ எழுதினதோ?”