மூச்சு விட ஒரு வீடு: இரத்தோட்டைக்கு மேலே மூன்று மாதம்

என் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிறது. மனிதர் ஒரு பீடிகூடக் குடித்ததில்லை. ஆனால் சென்னையில் எங்கள் வீடு இருப்பது மேம்பாலம் கட்டும் சாலையில். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் சிமெண்ட். "மூணு மாசமாவது தூசி இல்லாத இடத்துல வைங்க" என்று ஜனவரியில் டாக்டர் கறாராகச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். எந்த இடம், என்ன வாடகை என்பதெல்லாம் நம் பாடு.

கொடைக்கானலில் விசாரித்தேன். வாடகையைக் கேட்டதும் எனக்கே மூச்சுத் திணறியது. நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறவள். லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்வேன். கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "மாத்தளைப் பக்கம் பாருங்க, தமிழ் பேசியே சமாளிக்கலாம், செலவும் கம்மி" என்றாள். அவரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, பிப்ரவரி கடைசியில் நான் மட்டும் வீடு பார்க்கக் கிளம்பினேன். வெளிநாட்டில் கொஞ்ச காலம் தங்க இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சந்தோஷமான பதிவு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காலை விமானத்தில் கொழும்பு. விமான நிலையத்திலிருந்து கண்டிக்கு பஸ், நான்கு மணி நேரம். கண்டியிலிருந்து மாத்தளை இருபத்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் வளைவும் நெரிசலுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டவுனில் ஒரு சின்ன விடுதியில் தங்கி, மறுநாள் ஒரு ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசினேன். இங்கே அதை த்ரீவீல் என்கிறார்கள். ஓட்டுநர் மாத்தளை முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும், ரியாஸ். நம் ஊர்ப் பழக்கத்தில் "பாய்" என்று கூப்பிட்டேன். "இங்க நானான்னு செல்லுங்க தங்கச்சி" என்று சிரித்தார். நானா என்றால் அண்ணன்; சொல்லுவது அவர் பேச்சில் செல்லுவது. அன்றிலிருந்து அவர் எனக்கு ரியாஸ் நானா.

முதல் வீடு அலுவிகாரையில், ஒரு கடைக்கு மேல் மாடி. இரண்டு அறை, சுத்தமான குளியலறை. ஜன்னலைத் திறந்தேன், கீழே ஏ-ஒன்பது வீதியில் யாழ்ப்பாணம் போகும் லாரிகள் வரிசையாகப் புகை கக்கிக்கொண்டு போயின. இதற்குச் சென்னையிலேயே இருந்துவிடலாம். அடுத்தது பலாபத்வலையில். தென்னந்தோப்புக்குள் அழகான வீடு, வீட்டுக்காரரும் நல்ல மனிதர். பேசிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் இருவரும் விடாமல் தும்மினோம். பின்கட்டில் மிளகாயும் மிளகும் அரைக்கும் மெஷின். "பழகிரும்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பழகுவதற்குள் என் கணவர் போய்விடுவார்.

"தூசி இல்லாம வேணும்னா மேல தான் போகணும். ஆனா மேல போனா மலை இருக்கு" என்றார் ரியாஸ் நானா. மலைதானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை பதினோரு கிலோமீட்டர். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. மேலே ஒரு சமதளத்தில் ஒரே மாதிரி சின்னச் சின்னதாகப் பன்னிரண்டு புது வீடுகள். சில வருடங்களுக்கு முன் மண் சரிந்ததில் வீடிழந்த தோட்டக் குடும்பங்களுக்கு, தலா ஏழு பேர்ச் காணியில், நம் கணக்கில் நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல், கட்டிக் கொடுத்தவை. அதில் கடைசி வீடு செல்வியுடையது. அவள் கொழுந்து பறிக்கிறவள், கணவர் தோட்டத்தில் வாட்சர், அதாவது காவல்காரர். இரண்டு அறை, சமையல்கட்டு, வழித்துத் துடைத்த சிவப்புத் தரை. நான் இழுத்து மூச்சு விட்டேன். காற்றில் ஒன்றுமே இல்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அழுகை வந்தது. வாடகை இலங்கைப் பணத்தில் முப்பத்தையாயிரம். நம் பணத்தில் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல்.

"நாங்க வந்தா நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டேன். செல்வி முகவாயால் கீழே காட்டினாள். "பக்கத்துல தாங்க அக்கா, லயத்துல. நீங்க ஒரு கூப்பாடு போட்டா வந்துருவேன்." லயம் என்பது வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள், ஒவ்வொரு அறையையும் காம்பரா என்கிறார்கள். அவசரத்துக்கு ஆள் அருகில் இருப்பது நல்லதாகப் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது. புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

மறுநாள் காலை முன்பணத்துடன் போனேன். வீடு பூட்டியிருந்ததால் லயத்துக்கு இறங்கினேன். வரிசையின் ஒரு முனையில் சுவர் இல்லை, மண்மேடு மட்டும். அதில் புல் முளைத்திருந்தது. மிச்சக் கதவுகளில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி. குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் வந்து போட்டதாம். அதில் ஒரு கதவைத் திறந்துகொண்டு செல்வி வந்தாள். உள்ளே காம்பரா பெருக்கி, பாய் விரித்து, தயாராக இருந்தது. பின்சுவரில் என் கை நுழையும் அளவுக்கு விரிசல். அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டியிருந்தார்கள்.

"அது எதுக்கு?"

"கண்ணாடி ஒடைஞ்சா மண்ணு அசையுதுன்னு அர்த்தங்க. ஒடனே கோயிலுக்கு ஓடிறணும்."

"உடைஞ்சிருக்கா?"

"இது மூணாவது கண்ணாடி."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பத்திரமான வீடு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கேயா வந்து படுப்பது என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். செல்வி கோபப்படவில்லை. "மக மாத்தளையில போர்டிங்ல இருக்கா அக்கா. ஏ.எல் படிக்கிறா. கிளாஸ் முடியிறப்ப கடைசி பஸ் போயிருது, இங்கேருந்து போய் வர முடியாது. என் சம்பளம் திங்கறதுக்கே பத்தல. இந்த வாடகை வந்தா அவ அங்க இருப்பா, இல்லாட்டி கொழுந்து பறிக்க வருவா. நீங்க எடுக்கலன்னா வேற யாராச்சும் எடுப்பாங்க. யார் எடுத்தாலும் நாங்க இங்க தான்."

ஏ.எல் என்றால் நம் ஊர் ப்ளஸ் டூ மாதிரி. அவளும் பிள்ளைக்குத் தற்காலிகமாக ஒரு இடம் வாடகைக்குப் பிடித்திருக்கிறாள், என்னைப் போல. திரும்பும் வழியில் ரியாஸ் நானாவிடம் உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் தங்கச்சி. அதான் மேல மலை இருக்குன்னு சென்னேன்" என்றார்.

அன்று மாலை ஊருக்குப் போன் செய்தேன். என் கணவர் பேச ஆரம்பித்தார், இருமல் வந்தது. நிற்கவே இல்லை. நாத்தனார் போனை வாங்கி, "அப்புறம் பேசறோம்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் போய் மூன்று மாத வாடகையைச் செல்வி கையில் கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: மழை பெய்தால் இருவரும் மேலே வந்து முன்னறையில் படுத்துக்கொள்ள வேண்டும். "சரிங்க அக்கா" என்றாள். நானும் நம்பி, நிம்மதியாகப் போய் அவரை அழைத்துவந்தேன்.

மார்ச் முழுக்க வெயில். ஏப்ரலில் தினமும் பிற்பகல் இடி இடித்து ஊற்ற ஆரம்பித்தது. முதல் மழையன்று முன்னறையில் பாய் விரித்து, சோறும் பருப்பும் வைத்துக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. குடையோடு இறங்கிப் போய்க் கத்தினேன். செல்வி கதவிடுக்கில் நின்று சொன்னாள்: "வாடகை வாங்கின வீட்டுல வந்து படுக்கலாமா அக்கா? அது உங்க வீடு." பின்னாலிருந்த அவள் கணவரும் தலையாட்டினார். நான் கெஞ்சினேன், திட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். வாங்கிய காசுக்கு நாணயம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை என்னால் அசைக்க முடியவில்லை.

வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விசாவை முதலில் ஒரு மாதத்துக்கு எடுத்து நீட்டித்துக்கொண்டோம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஹேலரையும் மாத்திரைகளையும் முழுக் காலத்துக்கும் ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். மேலே இன்டர்நெட் கிடைக்கிறது, ஆனால் இடி இடித்தால் கரண்ட் போகும். வீதியோரம் வேண்டாம், மெஷின் பக்கம் வேண்டாம். தண்ணீர், சிக்னல், பஸ் எல்லாம் விசாரித்த பிறகு, வீட்டுக்காரர் எங்கே போய்ப் படுப்பார் என்று கேளுங்கள். கேட்டு நிறுத்திவிடாமல், நடந்து போய் அந்த இடத்தையும் பாருங்கள். நான் பார்த்தேன், பார்த்த பிறகும் எடுத்தேன். எடுக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு என்ன நன்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என்ன கணக்குப் போட்டாலும் மனசு ஆறவில்லை.

தினமும் காலையில் நடக்கப் போவது போல லயத்துக்கு இறங்கி அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வருகிறேன். செல்விக்கு நான் எதற்கு வருகிறேன் என்று தெரியும். தேநீர் கொடுத்து அனுப்புகிறாள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அவருக்கு இப்போது இருமல் இல்லை, நன்றாகத் தூங்குகிறார். வீடு அமைதியாக இருப்பதால் மழைச் சத்தம் முழுக்கக் கேட்கிறது.